மூன்றாம் பாகத்தின் தேதித்தாள்

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 29. ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் படித்து வளர்ந்தவள். இப்போதும் பஸ்ஸில் அவர்கள்தான் துணை. போன வருடம் தோழி கூப்பிட்டாள் என்று ஒரு வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதத்துக்கு டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ என்று முடிவு செய்தார்கள். 120 பக்கம் தாண்டுவதற்குள் மூன்று தடவை தூங்கிவிட்டேன். யாருக்கு யார் என்ன உறவு என்றே பிடிபடவில்லை. கூட்டத்தில், “எனக்குப் போர்தான் கிடைத்தது, வாழ்வைக் காணோம்” என்று சொன்னேன். மூத்த உறுப்பினர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “உங்களுக்கு இன்னும் வாசிப்பு முதிரவில்லை” என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. கிளாசிக் நாவல்கள், பெரிய பெயர்கள் எல்லாம் தகுதிக்கு மேல் தூக்கிவைக்கப்பட்டவையா? இல்லை, குறை என்னிடம்தானா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கூட்டத்தில் எழுந்து நின்று அப்படிச் சொன்னீர்களே, அதற்கு யாராவது ஒருவர் கைதட்டியிருக்கலாம். தஞ்சாவூர் மாவட்டத்துக் கிளை நூலகங்களில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர், மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே நழுவுவார்கள். கடன் கொடுத்தவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிற நடை அது. “எப்படி இருந்தது?” என்று கேட்டால், “பிரமாதம் மேடம், உலக இலக்கியம் ஆச்சே” என்பார்கள். “அடுத்த பாகம் எடுத்து வைக்கட்டுமா?” என்று கேட்டால் பரீட்சை வரும், வீட்டில் விசேஷம் வரும், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும்.

நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். திருப்பித் தர வேண்டிய தேதியை ஊதா மையில் குத்திக் கொடுப்போம். தேதித்தாள் என்போம். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த ‘போரும் வாழ்வும்’ எங்கள் கிளையில் மூன்று பாகமாக இருந்தது. வருடாந்திர இருப்புச் சரிபார்ப்பின்போது ஒருநாள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதித்தாளைப் பிரித்துப் பார்த்தேன். முதல் பாகத்தில் இரண்டு தாள் நிரம்பி, அதன் மேல் மூன்றாவது ஒட்டியிருந்தது. அட்டை தளர்ந்து, முதுகில் துணி ஒட்டி, பார்க்கவே பாவமாக இருந்தது. இரண்டாம் பாகத்தில் ஒரு தாள், அதுவும் முக்கால்வாசி. மூன்றாம் பாகத்தில் ஏழே ஏழு முத்திரை. அந்த ஏழில் இரண்டு, ஒரே ஆள் தவணை நீட்டித்து எடுத்தது. அந்த ஆள் நான்.

அதே ஊரில் இலக்கியக் கூட்டம் என்று ஒன்று நடந்தால் டால்ஸ்டாய் பெயர் வராமல் முடியாது. மேடையில் பேசியவர்கள் எல்லாரும் சொந்தமாகப் புத்தகம் வாங்கிப் படித்திருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தேதித்தாள் பொய் சொல்லாது என்பது எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரிய பெயர்களைத் தகுதிக்கு மேல் தூக்கிவைத்திருக்கிறார்களா? இதை உங்களைவிட உரக்கக் கேட்டவர் ஒருவர் உண்டு. நீங்கள் யாருடைய புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினீர்களோ, அதே டால்ஸ்டாய்.

அவருக்கு ஷேக்ஸ்பியரைப் பிடிக்காது. பிடிக்காது என்றால் சாதாரணமாக இல்லை. ஷேக்ஸ்பியர் மகாமேதை என்பதே ஐரோப்பாவைப் பிடித்த ஒரு தொற்று மயக்கம் என்று தனிக் கட்டுரை எழுதினார். 1906-ல் அது அச்சில் வந்தது. ஊரே கொண்டாடுகிறதே, எனக்கு மட்டும் ஏன் சலிப்பும் எரிச்சலும் வருகிறது, பைத்தியம் எனக்கா ஊருக்கா என்று அவர் ஐம்பது வருடம் குழம்பியிருக்கிறார். உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியும் இதே குழப்பம்தான். நல்ல துணை கிடைத்திருக்கிறது உங்களுக்கு.

இன்னொன்றும் உண்டு. ‘போரும் வாழ்வும்’ முழுதாக வெளியானது 1869-ல். இரண்டே வருடம் கழித்து, கவிஞர் ஃபெட் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த மாதிரி வளவளவென்ற குப்பையை இனிமேல் எழுதப் போவதில்லை, அதில் எனக்கு எத்தனை சந்தோஷம் என்கிற தொனியில் எழுதுகிறார். 1873-ல் வந்த பதிப்பில் வரலாறு, விதி, மனித சுதந்திரம் என்று நடுநடுவே வரும் பிரசங்கங்களைப் பிடுங்கிக் கடைசியில் பின்னிணைப்பாகத் தள்ளிவிட்டார். பக்கம் பக்கமாக வந்த பிரெஞ்சு உரையாடலை ரஷ்ய மொழிக்கு மாற்றினார். பின்னால் வந்த பதிப்புகளில் அவை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன, அது வேறு கதை. எழுதியவருக்கே சந்தேகம் வந்த பக்கங்களைப் படித்து உங்களுக்குக் கண்ணைச் சொருகினால், அதற்கு வாசிப்பு முதிரவில்லை என்று பெயர் வைப்பானேன்? முதிர்வதற்கு வாசிப்பு என்ன வாழைத்தாரா, புகை போட்டுப் பழுக்கவைக்க?

இதுவரை உங்கள் கட்சி. இனி கொஞ்சம் எதிர்க்கட்சி.

டால்ஸ்டாய் ஷேக்ஸ்பியரைத் தூக்கி எறிவதற்கு முன்னால் செய்த வேலையைப் பாருங்கள். ரஷ்ய மொழியில் படித்தார், ஆங்கிலத்தில் படித்தார், ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்தார். வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் படித்தார். 75 வயதில், கட்டுரை எழுத உட்காருவதற்கு முன், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம்தான் ‘தகுதிக்கு மேல்’ என்றார். நாம் என்ன செய்கிறோம்? 120 பக்கத்தில் மூடிவிட்டு அதே வார்த்தையைச் சொல்கிறோம்.

‘எனக்கு ஓடவில்லை’ என்பது ஒரு பேச்சு. அது உங்களைப் பற்றியது, அதற்கு எந்தத் தகுதியும் வேண்டாம், முதல் பக்கத்திலேயே சொல்லலாம். ‘இதைத் தூக்கிவைத்திருக்கிறார்கள்’ என்பது வேறு பேச்சு. அது புத்தகத்தைப் பற்றியது, அதைக் கொண்டாடியவர்களைப் பற்றியதும்கூட. அதைச் சொல்லக் கடைசிப் பக்கம் வரை போயிருக்க வேண்டும். கூட்டத்தில் நீங்கள் சொன்னது முதல் வகை, அதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு எழுதும்போது இரண்டாவது வகைக்கு லேசாகத் தாவிவிட்டீர்கள். கோபத்தில் வருவதுதான்.

டால்ஸ்டாயின் கட்டுரைக்கு ஜார்ஜ் ஆர்வெல் 1947-ல் பதில் எழுதினார். ஷேக்ஸ்பியர் பெரியவர்தான் என்று அவர் வாதாடவில்லை. அதை நிரூபிக்க வழியே கிடையாது, காலம் தாண்டி நிற்கிறதா என்பது ஒன்றுதான் சோதனை, அந்தச் சோதனையும் பெரும்பான்மை அபிப்பிராயம்தான் என்று கையை விரித்துவிடுகிறார். அப்புறம் வேறு ஒரு கேள்வி கேட்கிறார். அத்தனை நாடகம் இருக்க, டால்ஸ்டாய் ஏன் லியர் மன்னன் நாடகத்தைப் பிடித்துக்கொண்டு கிழிக்கிறார்? ராஜ்யத்தைத் துறந்துவிட்டு, துறந்ததில் நிம்மதி கிடைக்காமல் அலையும் கிழவனின் கதை அது. டால்ஸ்டாயும் சொத்தையும் நூல்களின் பதிப்புரிமையையும் துறக்கப் பார்த்து, வீட்டில் ஓயாத சண்டை. 1910-ல், 82 வயதில், ஒரு ராத்திரி மருத்துவரை மட்டும் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். பின்னாலேயே ஒரு மகள் போய்ச் சேர்ந்துகொண்டாள். அஸ்தாபவோ என்ற சின்ன ரயில் நிலையத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் உயிர் போனது. லியருக்குக் கடைசியில் துணை நின்றதும் ஒரு மகள்தான். அந்த நாடகம் அவருக்குப் பிடிக்காமல் போனதற்கு அது தூரமாக இருந்தது காரணமில்லை, ரொம்பப் பக்கத்தில் இருந்ததுதான் காரணம் என்று நான் எடுத்துக்கொண்டேன். புத்தகம் பிடிக்காமல் போவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கு இது பொருந்தாது. உங்கள் சிக்கல் தூரம்.

அந்தத் தூரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். நாவல் 1805 ஜூலையில், பீட்டர்ஸ்பர்க் சீமாட்டி ஒருத்தி வீட்டு விருந்தில் தொடங்குகிறது. மூலத்தில் முதல் வாக்கியமே பிரெஞ்சில்தான் வரும். முதலில் இதைப் பத்திரிகையில் பகுதி பகுதியாகப் படித்த ரஷ்யர்களுக்கு நெப்போலியன் யுத்தம் தாத்தா சொன்ன கதை. நமக்கு 1805 என்றால் ஏதாவது நினைவுக்கு வருகிறதா? அடுத்த வருடம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது வேண்டுமானால் வரும். அந்தச் சூட்டோடு எழுதிய நாவல் ஒன்று நம்மிடம் இருந்தால், அதை மாஸ்கோவில் ஒரு வங்கி ஊழியர் எப்படிப் படிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவரும் தூங்கத்தான் செய்வார்.

பெயர்கள் வேறு. ஒரே ஆளை நிகோலாய் என்பார்கள், மரியாதையாக நிகோலாய் இலியிச் என்பார்கள், குடும்பப் பெயரில் ரொஸ்தோவ் என்பார்கள், வீட்டில் நிகோலென்கா. நமக்கு இதெல்லாம் புதிதா என்ன? என் மாமனார் பெயர் சுப்பிரமணியன். ஆபீசில் எஸ்.எம்., தெருவில் மணி சார், அவர் அக்காவுக்குச் சுப்பு, கொழுந்தியாளுக்கு அத்தான். நாங்கள் குழம்பியதில்லை, ஏனென்றால் ஆள் எதிரே நிற்கிறார். நாவலில் ஆள் எதிரே வந்து நிற்க இருநூறு பக்கம் பிடிக்கிறது. நீங்கள் அவர் வருவதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

மொழிபெயர்ப்பையும் சொல்ல வேண்டும். அந்தத் தலைமுறையில் ரஷ்ய நாவல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தவை. பிற்பாடு மாஸ்கோவிலிருந்து தடி அட்டையோடு, சல்லிசு விலையில் வந்த புத்தகங்களில் பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் நேராக ரஷ்ய மொழியிலிருந்தே கொண்டுவந்தார்கள். அவர்களுடைய உழைப்பு பெரிது, கை கூப்புகிறேன். ஆனாலும் ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய தமிழில் ஒரு விருந்து உரையாடலைப் படிக்கும்போது, அலுப்பு டால்ஸ்டாயிடம் இருந்து வருகிறதா, வாக்கியத்தில் இருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பழி முழுவதும் அட்டையில் இருக்கிற பெயருக்குப் போய்விடுகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் முதல் பாகத்தை எடுத்தேன், பாதியில் வைத்தேன். பதினேழு வருடம் கழித்து மறுபடி எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்றால், இடமாற்றமாகிப் போன ஊரில் மழைக்காலம், வாசகர் வரத்து இல்லை, வேறு காரணம் இல்லை. நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து சில நூறு பக்கம் தள்ளி ஒரு இடம் வருகிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

நிகோலாய்க்கு இருபது சொச்சம் வயது, ராணுவத்தில் இருந்து விடுப்பில் வந்திருக்கிறான். குடும்பத்தில் பண முடை. அப்பா 2,000 ரூபிள் கொடுத்து, பார்த்துச் செலவழி என்கிறார். மே மாதம் வரை இதற்கு மேல் கேட்க மாட்டேன் என்று இவன் வாக்குக் கொடுக்கிறான். தோலகோவ் என்ற நண்பன் சீட்டாடக் கூப்பிடுகிறான். நண்பனுக்கு உள்ளே ஒரு வன்மம்: தான் பெண் கேட்ட சோனியா, நிகோலாயை நினைத்துக்கொண்டு தன்னை மறுத்துவிட்டாள். ஆட்டம் நிற்கவே மாட்டேன் என்கிறது. 43,000 வரை விடுவதில்லை என்று தோலகோவ் மனசுக்குள் முடிவு செய்துவிட்டான். தன் வயதையும் சோனியா வயதையும் கூட்டினால் 43, அதனால். நிகோலாய் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சட்டைக் கைக்கு வெளியே ரோமம் தெரிகிற, எலும்பு பருத்த, சிவந்த கை. அது சீட்டைப் போடுகிறது, அள்ளுகிறது, போடுகிறது.

தோற்று வீட்டுக்கு வருகிறான். வீட்டில் விளக்கு, சிரிப்பு, வாத்தியம். தங்கை நத்தாஷா பாட ஆரம்பிக்கிறாள். இவர்களுக்கு எப்படிச் சிரிக்க முடிகிறது, நான் போய் என்னையே சுட்டுக்கொண்டால்தான் சரி என்று நினைத்துக்கொண்டே நிற்கிறான். பாட்டு மேலே ஏறுகிறது. அடுத்த ஸ்வரத்தைப் பிடிப்பாளா மாட்டாளா என்று காது தானாகக் காத்திருக்கிறது. அவள் பிடிக்கிறாள், இவனும் அறியாமல் கீழ் ஸ்தாயியில் சேர்ந்து பாடிவிடுகிறான். அந்தக் கணத்துக்குப் பணமும் மானமும் தோலகோவும் ஒன்றுமில்லாமல் போகிறது. ஒரு கணம்தான். அப்பா வீட்டுக்கு வந்ததும் அவரிடம் போய், ஏதோ வண்டி கேட்கிற மாதிரி சாதாரணக் குரலில், கொஞ்சம் பணம் தோற்றுவிட்டேன், நிறையத்தான், யாருக்கும் நடப்பதுதானே என்கிறான். அப்பா திட்டவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, கை எதையோ தேடுகிற மாதிரி தடுமாறுகிறார், ஆமாம், கஷ்டம்தான், யாருக்கு நடக்கவில்லை என்று முனகிக்கொண்டு வெளியே நகரப் பார்க்கிறார். அவர் எதிர்ப்பார் என்று தயாராக வந்தவன், அப்போதுதான் உடைந்து அழுகிறான்.

என் தம்பி ஏலச்சீட்டில் அப்பாவின் ஓய்வூதியப் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்த சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்ததும் இதேதான். தம்பியின் குரலும் அதே சாதாரணக் குரல். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “சாப்பிட்டியாடா” என்றார். இதை யாரிடமும் சொல்லவில்லை நான். ரஷ்யாவில் ஒரு பிரபு எங்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு எழுதி வைத்திருக்கிறார் என்று அந்த மழைநாளில் தோன்றியது. முதல் தடவை எடுத்தபோது அந்தப் பக்கம் வந்திருந்தாலும் எனக்கு இது நேர்ந்திருக்காது. தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

இப்படிச் சொன்னதால் எல்லாக் கிளாசிக்கும் காத்திருந்தால் கனியும் என்று நினைத்துவிடாதீர்கள். தகுதிக்கு மேல் தூக்கிவைக்கப்பட்டவை நிச்சயம் இருக்கின்றன. 1879-ல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல். மாயூரத்து முன்சீப் வேதநாயகம் பிள்ளை நல்ல நகைச்சுவைக்காரர், துணிச்சல்காரர், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கதையை நகர்த்தாமல் நீதி, கிளைக்கதை, மறுபடி நீதி என்று அவர் போகிற போக்கில் நான் மூன்று முறை இறங்கிக்கொண்டேன். நாலாவது முறை முடித்தேன், வேலை நிமித்தம். முதலாவது என்பது ஒரு பெருமை, நல்லது என்பது வேறு பெருமை. பாடப்புத்தகம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ இன்னொரு விதம். அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த தலைமுறை ஒன்று உண்டு. அந்தப் பெயர் தாங்கியவர்கள் எங்கள் நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வருவார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த நாவலை எடுத்ததில்லை. எனக்கு அதன் பிரசங்கத் தமிழ் ஒட்டவில்லை. ஆனால் என் அம்மா அதில் பத்தி பத்தியாக மனப்பாடமாகச் சொல்வாள். அம்மாவுக்கு அது கொடுத்தது பொய் என்று நான் சொல்ல முடியுமா?

நோபல் பரிசு முதன்முதலில் கொடுக்கப்பட்ட வருடம் 1901. டால்ஸ்டாய் உயிரோடுதான் இருந்தார். பரிசு சுல்லி ப்ருதோம் என்ற பிரெஞ்சுக் கவிஞருக்குப் போயிற்று. சுவீடனிலேயே எழுத்தாளர்களும் கலைஞர்களுமாக 42 பேர் வெட்கப்பட்டு டால்ஸ்டாய்க்கு மன்னிப்புப் போல ஒரு கடிதம் எழுதினார்கள். 31 வருடத்தில் என் மேசைக்கு வந்து சுல்லி ப்ருதோம் இருக்கிறதா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

எதிர்த்திசையிலும் நடக்கும். சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரம் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, தனி அறையில் தனி ஆளாக வாழ்ந்தவர். மெடானிலும் பினாங்கிலும் உலகப் போர்க்காலத்துத் தமிழர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ‘புயலிலே ஒரு தோணி’ எழுதினார். 1972-ல் புத்தகமாக வந்தபோது கண்டுகொள்ள ஆளில்லை. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் அது இருக்கிறது. புத்தகத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. மாறியது பேச்சுதான். புகழ் என்பது சிபாரிசுக் கடிதம் மாதிரி, சகோதரி. வேலைக்கு ஆளை உள்ளே அனுப்பும். உள்ளே வந்த பிறகு அவர் உட்கார்ந்து வேலை பார்க்கிறாரா என்று பார்க்க வேண்டியது நீங்கள். உங்கள் வட்டத்து மூத்தவர் கடிதத்தைப் படித்துவிட்டுச் சம்பளம் கொடுக்கச் சொல்கிறார்.

ராஜேஷ்குமார், ரமணிசந்திரன் என்று எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சம் கூசியது போலத் தெரிந்தது. கூச வேண்டாம். வருடம் ஒருமுறை பைண்டிங்குக்குப் போகிற புத்தகங்கள் எவை என்று எந்த நூலகரையும் கேளுங்கள். மத்தியானம் சமையலை முடித்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து ரமணிசந்திரன் கேட்கும் பெண்கள்தான் எங்கள் உறுப்பினர் எண்ணிக்கையைத் தாங்கி நின்றார்கள். நாங்கள் படித்த நூலக அறிவியலுக்கு வழிகாட்டி சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று இன்னொன்று. பெரிய நூலை எல்லாரும் படித்தே தீர வேண்டும் என்று ஐந்தில் எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன், தேர்வுக்குப் படித்தவள்.

வட்டத்துக்குத் திரும்பிப் போங்கள். நல்ல டீ கொடுப்பார்கள் என்று வைத்துக்கொண்டாவது போங்கள். அந்த மூத்தவரிடம் சண்டை வேண்டாம். “சார், இந்த நாவல்ல உங்க மனசுல நிக்கிற ஒரு இடம் சொல்லுங்களேன்” என்று மட்டும் கேளுங்கள். உண்மையிலேயே படித்தவராக இருந்தால் முகம் மாறிவிடும், கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார், நீங்களும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். ‘உலகின் தலைசிறந்த நாவல்’ என்று மறுபடியும் தொடங்கினால், மூன்றாம் பாகத்தின் தேதித்தாளில் அவர் முத்திரை இல்லை என்று புரிந்துகொண்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

‘போரும் வாழ்வும்’ இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். டால்ஸ்டாயைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் ‘இவான் இலியிச்சின் மரணம்’ எடுங்கள். ஒல்லியான புத்தகம், திருச்சியிலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். ஒழுங்காக வேலை பார்த்து, ஒழுங்காகப் பதவி உயர்ந்து, புது வீட்டில் திரைச்சீலை எப்படி மாட்டுவது என்று காட்டுவதற்காக ஏணியில் ஏறிச் சறுக்கிய ஒரு அதிகாரியின் கதை. விலாவில் லேசாக ஒரு அடி, அவ்வளவுதான், அங்கிருந்து ஆரம்பிக்கிறது. அலுவலகத்துக்குப் போய் வருகிற யாருக்கும் அந்த ஆளைத் தெரியும். தமிழில் என்றால் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. மெட்ராஸில் குழாயில் தண்ணீர் வராத நாட்கள், ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை இருவர், வாளிகள். அதில் ஒரு வரிகூடத் தன்னைப் பெரிய எழுத்து என்று காட்டிக்கொள்ளாது. இரண்டும் ஓடவில்லை என்றால் ராஜேஷ்குமாருக்கே திரும்பிவிடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு எப்போதாவது, ஒரு மழைக்காலத்திலோ மகப்பேறு விடுப்பிலோ, அந்தத் தடிப் புத்தகத்தின் நினைப்பு வந்தால் ஒரு யோசனை. இருப்புச் சரிபார்ப்பு அன்று முதல் பாகத்துக்குள் நாலாக மடித்த ஒரு கோடு போட்ட தாள் இருந்தது. யாரோ ஒரு வாசகர் தன் வசதிக்கு எழுதி வைத்தது. ‘நத்தாஷா: ரொஸ்தோவ் வீட்டு இளைய பெண். சோனியா: அவர்களோடு வளரும் உறவுக்காரப் பெண், பாவம். பியர்: குண்டு, கண்ணாடி, நல்லவன். ஹெலன்: நம்பாதே.’ கீழே வேறு கையெழுத்தில், வேறு மையில், இன்னொருவர் தோலகோவைச் சேர்த்திருந்தார். விதிப்படி புத்தகத்துக்குள் இருக்கும் தாள்களை எடுத்துப் போட்டுவிட வேண்டும். நான் பழையபடி மடித்து உள்ளேயே வைத்துவிட்டேன். நீங்களும் அப்படி ஒன்று எழுதினால், திருப்பிக் கொடுக்கும்போது எடுக்காதீர்கள்.